பாங்கு சொன்ன காதும் பருப்பளவு மைக்கும்

(திண்டிவனத்தில் நமது டிரஸ்ட் நடத்திய கல்வி, மருத்துவ உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆண்டும் அல்லாஹ் நம்மை ஒன்றுகூட்டியிருக்கிறான். வழக்கமாக இந்த மேடையில் வரவு செலவு சொல்வோம், நன்றி சொல்வோம், துஆ செய்து முடிப்போம். இன்று கொஞ்சம் வேறு விதமாகப் பேச அனுமதி கேட்கிறோம்.

எல்லோரும் உங்கள் செல்போனைக் கையில் எடுங்கள். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறதா? சிம் கார்டு எடுக்கும் துளை என்று நினைத்து நம்மில் சிலர் அதில் பின்னை விட்டுக் குத்தியிருப்போம். இனிமேல் குத்தாதீர்கள். அதன் பின்னால்தான் மைக் இருக்கிறது. துபாயில் இருக்கும் மகனுக்கு உங்கள் குரலைக் கொண்டுபோவது அதுதான். ஒரு துவரம் பருப்பு அளவுதான் இருக்கும்.

இந்தப் பருப்பளவு பொருளைப் பற்றி ஒரு டிரஸ்ட் மேடையில் பேசுவானேன் என்று கேட்கலாம். எங்கள் அலுவலக மேஜையில் இந்த ஆண்டு இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று, காதொலிக் கருவி கேட்டு வந்த மனுக்கள். இன்னொன்று, எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளின் கல்வி உதவி மனுக்கள். தனித்தனி விஷயம் என்றுதான் முதலில் நினைத்தோம். கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, இரண்டும் இந்தப் பருப்பில் வந்து சேர்வது தெரிந்தது. அதைச் சொல்லும்போது எங்கள் பக்கம் நடந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதலில் மைக்கின் கதை.

நம் பள்ளிவாசல்களில் பழைய காலத்து மைக் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மைக்கின் வேலை எளிமையானது. நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வில் ஒரு மெல்லிய சவ்வு ஆடுகிறது. அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றினால் அதுதான் மைக். ஒலிபெருக்கி இதையே திருப்பிச் செய்கிறது. மின்சாரம் சவ்வை ஆட்ட, சவ்வு காற்றை ஆட்டுகிறது. நம் காதிலும் அல்லாஹ் ஒரு சவ்வைத்தான் வைத்திருக்கிறான்.

மைக்கைச் சின்னதாக்கும் வழியில் ஒரு பெரிய அடி 1962ஆம் ஆண்டு எடுத்து வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் எலக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மின்னூட்டத்தைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் படலம்தான் அதில் சவ்வு. வெஸ்ட் 1931ஆம் ஆண்டு வெர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். நிறவெறி நிறைந்த அந்தக் காலத்தில், இயற்பியல் படித்தால் இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். அவர் படித்தார். மனிதக் காது எப்படிக் கேட்கிறது என்று ஆராய்பவர்களுக்கு ஒரு நல்ல ஹெட்போன் செய்து கொடுக்கப் போய்த்தான் இந்த மைக்கின் எண்ணம் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகில் செய்யப்பட்ட மைக்குகளில் மிகப் பெரும்பகுதி அந்த வகைதான். டேப் ரிக்கார்டரிலும், லேண்ட்லைன் போனிலும், காதொலிக் கருவியிலும் அது இருந்தது.

அதே பெல் ஆய்வகத்தில் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1959இல், இன்னொரு வேலை நடந்தது. எகிப்தின் போர்ட் சயீது நகரில் 1924ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற முஹம்மது அத்தல்லா என்ற பொறியாளரும், கொரியாவில் பிறந்த டேவான் காங் என்பவரும் சேர்ந்து மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். இன்று ஒவ்வொரு சில்லுக்குள்ளும் கோடிக்கணக்கில் இருப்பது அந்த வகை டிரான்சிஸ்டர்தான். பிள்ளைகளே, அத்தல்லாவின் பெயரைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

சிலிக்கானில் சில்லு செய்யலாம் என்று ஆகிவிட்டது. அந்தச் சிலிக்கானிலேயே மைக்கின் சவ்வையும் செய்தால் என்ன? இந்தக் கேள்வியைப் பல நாடுகளில் பலர் கேட்டார்கள். அவர்களில் ஒரு சிறு நிறுவனத்தை மட்டும் இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊர், ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கென் கேப்ரியல் என்ற பேராசிரியரும் அவரது மாணவர்களும், சில்லுக்குள்ளேயே ஒலிபெருக்கியும் மைக்கும் செய்ய முடியுமா என்று முயன்று பார்த்தார்கள். 2001ஆம் ஆண்டு கேப்ரியலும் ஜேம்ஸ் ராக் என்பவரும் சேர்ந்து அகூஸ்டிகா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

சில்லு செய்யும் தொழிற்சாலை கட்ட ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வேண்டும். இவர்களிடம் அது இல்லை. அதனால் என்ன செய்தார்கள்? ஊரில் இருக்கும் மாவு மில்லுக்கே நம் அரிசியைக் கொண்டுபோய் அரைத்து வாங்குவது போல, ஏற்கெனவே இருக்கும் சில்லு ஆலைகளிலேயே தங்கள் பொருளைச் செய்து வாங்க முடிவு செய்தார்கள். எந்தச் சாதாரண சில்லிலும் உலோகமும், மின்சாரம் பாயாத பொருளும் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகளையே கொசுவலை போல நுண்ணிய வலையாக வெட்டி, அடியில் இருக்கும் சிலிக்கானை அரித்து எடுத்து, வலையின் மேல் மெல்லிய பூச்சு பூசினார்கள். இப்போது வலை ஒரு சவ்வாகிவிட்டது. சவ்வும் அதன் மின்னணுச் சுற்றும் ஒரே சில்லில் அமைந்தன. காற்று ஆட்டும்போது சவ்வுக்கும் அதன் எதிர்த்தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றத்தைச் சில்லு அங்கேயே எண்களாக மாற்றி அனுப்பிவிடும். மடிக்கணினியின் மூடியில் மைக்கின் கம்பி வைஃபை ஆன்டெனாவை ஒட்டிப் போகும். சாதாரண மைக்காக இருந்தால் அந்த இடத்தில் இரைச்சல் ஏறிக்கொள்ளும். எண்ணாகப் போகும் ஒலியில் அந்த இரைச்சல் ஒட்டாது. மடிக்கணினி செய்பவர்களுக்கு அது பிடித்துப் போயிற்று.

இன்னொரு லாபமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போன் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரியும். போர்டில் பாகங்களை வைத்து, சூட்டடுப்பு வழியாக அனுப்பி, ஈயப்பற்று உருகிப் பிடிக்க வைப்பார்கள். வெப்பம் 260 டிகிரி வரை போகும். பழைய எலக்ட்ரெட் மைக்கின் பிளாஸ்டிக் படலம் அந்தச் சூட்டில் தன் மின்னூட்டத்தை இழந்துவிடும். ஆகவே அதைக் கடைசியில் தனியாகப் பொருத்த வேண்டியிருந்தது. சிலிக்கான் மைக் அந்தச் சூட்டைத் தாங்கும். மற்ற பாகங்களோடு அதுவும் ஒரே வரிசையில் போய்விடும். செல்போனில் அது இடம்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒலிபெருக்கியும் மைக்கும் இரண்டையும் ஆய்வகத்தில் முயன்றார்கள் என்று சொன்னோம். சந்தைக்கு முதலில் வந்தது மைக்தான். ஏன்? காற்றில் இலை ஆடுவது எளிது. இலையை ஆட்டிக் காற்றை வரவழைப்பது கடினம். மைக்கில் காற்று சவ்வை ஆட்டுகிறது. ஒலிபெருக்கியில் சவ்வுதான் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு அந்தச் சின்னச் சவ்வுக்குப் பலம் போதவில்லை. சிலிக்கான் ஒலிபெருக்கிக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 2014இல் தொடங்கிய யூசவுண்ட், கலிஃபோர்னியாவில் 2018இல் தொடங்கிய எக்ஸ்மெம்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள், மின்சாரம் கொடுத்தால் வளையும் மெல்லிய படலத்தை வைத்து அந்த வேலையைச் செய்தன. 2023இல்தான் அந்த வகை ஒலிபெருக்கி வைத்த காதுச்செவிப்பான்கள் கடைக்கு வந்தன.

அகூஸ்டிகா தனியாக ஓடவில்லை. அதற்கு முன்பே நோல்ஸ் என்ற நிறுவனம் சிலிக்கான் மைக்கைப் பெருமளவில் விற்கத் தொடங்கியிருந்தது. நோல்ஸ் 1946ஆம் ஆண்டு சிகாகோவில் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே அதன் முக்கியத் தொழில் காதொலிக் கருவிக்கு மைக்கும் ஒலிபெருக்கியும் செய்து கொடுப்பது. இங்கே கவனியுங்கள். காது கேளாதவர்களுக்காகச் சின்னதாக்கிய கைகள்தான் செல்போனுக்கும் சின்ன மைக்கைக் கொடுத்தன. செல்போன் கோடிக்கணக்கில் விற்றதால் அந்த மைக்கின் விலை சரிந்தது, தரமும் ஏறியது. பின்பு அதே சிலிக்கான் மைக் காதொலிக் கருவிக்குத் திரும்பி வந்தது.

அகூஸ்டிகாவை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எட்டு ஆண்டுகள், சில பத்துப் பேர், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த ஒரு யோசனை. உலகம் முழுக்கப் பெயர் பரவவில்லை. ஆனால் அவர்கள் செய்து காட்டியது வீணாகவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

முன்பு காதொலிக் கருவி என்றால் சட்டைப்பையில் ஒரு டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. இன்று காதுக்குப் பின்னால் உட்காரும் சின்னக் கருவி. அதில் இரண்டு மைக்குகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஏன் இரண்டு? ஒலி ஒரு சென்டிமீட்டர் தூரம் போக ஒரு நொடியில் பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு நேரம் ஆகிறது. எதிரே இருப்பவரின் குரல் முன் மைக்குக்கு முதலில் வரும், பின்னால் இருந்து வரும் சத்தம் பின் மைக்குக்கு முதலில் வரும். அந்தத் துளி நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எதிரே பேசுபவரை உயர்த்தி, பின்னால் வரும் இரைச்சலைச் சில்லு தணிக்கிறது. நிக்காஹ் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நம் நன்னாவுக்கு இதுதான் வேண்டும். இதற்கு இரண்டு மைக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி கேட்க வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் மாறாமல் இருக்க வேண்டும். சிலிக்கான் மைக் அதில் தேர்ந்தது.

வயதானவர்களிடம் நாம் செய்யும் ஒரு தவறையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் கத்துகிறோம். முதுமையில் பெரும்பாலும் முதலில் குறைவது மெல்லிய, கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற எழுத்துகளின் முனை மழுங்கிவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. கத்தினால் சத்தம்தான் கூடும். இணையத்தில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சத்தம் கூட்டும் கருவிகளும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றும். பரிசோதனை இல்லாமல் அவற்றை வாங்கி மாட்டாதீர்கள்.

இப்போது எங்கள் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மேடையில் காதொலிக் கருவிகள் கொடுத்தோம். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தோம். படம் எடுத்தோம். இந்த இதழிலும் போட்டோம். பல மாதங்கள் கழித்து வேறு வேலையாக ஒரு வீட்டுக்குப் போனோம். சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. கருவி பீரோவில், கொடுத்த டப்பாவிலேயே இருந்தது. அந்தத் தாய் சொன்னார்: "மாட்டினா விசில் அடிக்குது அண்ணே. பிள்ளை பிடுங்கிப் போட்டுடுறா. பேட்டரி தீர்ந்து மூணு மாசம் ஆச்சு, எங்கே வாங்குறதுன்னு தெரியல. நீங்க குடுத்தீங்க. அப்புறம் ஒரு தடவை கூட வந்து கேட்கலையே."

எங்களுக்குப் பதில் இல்லை. விசாரித்தபோது இன்னும் பல வீடுகளில் இதே கதை.

விசில் ஏன் வருகிறது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டோம். கருவியின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் காதுக்குள் போகாமல் வெளியே கசிந்து, அதே கருவியின் மைக்குக்குள் மறுபடி நுழைகிறது. பள்ளிவாசல் மைக் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனால் கீச்சிடுகிறதே, அதேதான். காதுக்குச் சரியாகப் பொருந்தும் அச்சு இருந்தால் கசியாது. குழந்தை வளர வளரக் காதும் வளரும், அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும். பேட்டரி சிறியது. ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். இவை எதையும் நாங்கள் கேட்டு வைக்கவில்லை. மேடையில் பார்க்க நன்றாக இருப்பதைக் கொடுத்தோம். அந்தப் பிள்ளைக்குத் தேவையானதைக் கொடுக்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் சில பத்துப் பேர் இருந்த ஒரு கம்பெனி, மடிக்கணினி செய்பவனுக்கு எது வேண்டும் என்று பார்த்துப் பொருளைச் செய்தது. அந்தக் கவனம் நம்மிடம் இல்லாமல் போயிற்று. அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும். அந்தத் தாயும் மன்னிக்க வேண்டும்.

கருவி அணியும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டு குறிப்புகள். உளூ செய்யும் முன்பும் குளிக்கும் முன்பும் கருவியைக் கழற்றிச் சின்ன டப்பாவில் வைக்கப் பழக்குங்கள். காதைத் துடைத்து உலர்த்திய பின் மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். கழற்றியதை மறந்துவிட்டு ஓதப் போகும் பிள்ளை அன்றைய பாடத்தைக் கேட்காது. மதரஸா உஸ்தாதுகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஹிஜாப் அணியும் பெண் பிள்ளைகளுக்கு, காதுப் பக்கம் மெல்லிய துணி தளர்வாக இருக்கட்டும். தடித்த துணி மைக்கில் உரசினால் சரசரவென்று இரைச்சல்தான் கேட்கும்.

இன்றைய உரையில் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

நம் வீட்டில் குழந்தை பிறந்தால் முதலில் என்ன செய்கிறோம்? வலது காதில் பாங்கு சொல்கிறோம். இந்த உலகில் அது கேட்கும் முதல் வார்த்தை தன் இறைவனின் பெயராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். குர்ஆனிலும் பல இடங்களில் பார்வைக்கு முன்பாகக் கேட்டல் சொல்லப்படுவதை உலமாக்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பாங்கு சொன்ன அந்தக் காது அதைக் கேட்டதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

பார்க்க வழி இருக்கிறது. அந்த வழியும் சின்ன ஒலிபெருக்கியும் சின்ன மைக்கும்தான். லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் 1978ஆம் ஆண்டு ஒன்றைக் கண்டறிந்தார். நல்ல காது ஒலியைக் கேட்பதோடு நிற்பதில்லை. கேட்டதற்குப் பதிலாக உள்ளிருந்து மிக மிக மெல்லிய ஒலியைத் திருப்பியும் அனுப்புகிறது. சுப்ஹானல்லாஹ்! அதை வைத்து வந்ததுதான் ஓ.ஏ.இ. பரிசோதனை. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு மெத்தென்ற முனையை வைப்பார்கள். அந்த முனைக்குள் சின்ன ஒலிபெருக்கி ஒலி அனுப்பும், சின்ன மைக் காதின் பதிலைக் கேட்கும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் நீர்மம் இருந்தால் பதில் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம், மறுபடி எடுப்பார்கள். அப்போதும் வராவிட்டால் பெரா என்ற அடுத்த பரிசோதனை இருக்கிறது. முதல் சோதனையில் தேறிய குழந்தையாக இருந்தாலும், பிறகு சந்தேகம் வந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் அது. காது கேட்டால்தான் பேச்சு வரும். நாள் போகப் போகக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொள்கிறது.

நாம் என்ன சொல்கிறோம்? "அவங்க அத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு." "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." "குக்கர் விசிலுக்குத் திரும்பலன்னா என்ன, விளையாட்டு மும்முரம்." பெண் குழந்தையாக இருந்தால் இன்னொரு வார்த்தை: "வெளியே தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது." அப்படி மறைத்து வைத்த ஒரு பிள்ளையை ஏழு வயதில் எங்களிடம் அழைத்து வந்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. வெளியில் செய்தால் பல லட்சம். அந்தத் தகப்பன் எங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து, "ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்று எங்களை இப்படிப் பேச வைக்கிறது.

உலகில் 150 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் குறை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு சொன்னது. அவர்களில் 43 கோடிப் பேருக்கு சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவை. இது யாருடைய பாவமும் அல்ல, யாருக்கும் அவமானமும் அல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர்கள் இருந்தால், சொந்தத்தில் நிக்காஹ் பேசும் முன் ஒரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தத்தில் முடிப்பது நமக்கு அனுமதிக்கப்பட்டதுதான், கட்டாயம் அல்ல. பிறந்தபோது எடை குறைவாக இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள்காமாலை வந்த குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, இவர்களுக்குச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

எங்கே போவது? நமக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். கருவிக்கும் அடையாள அட்டைக்கும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அரசு தருவதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அரசு தராமல் விடுபடும் இடத்தில்தான் டிரஸ்ட் நிற்க வேண்டும்.

அதனால் நிர்வாகக் குழு சில முடிவுகளை எடுத்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ். இனி காதொலிக் கருவியை மேடையில் கொடுக்க மாட்டோம், படமும் எடுக்க மாட்டோம். கருவி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பேட்டரியும், தேவைப்படும்போது புது அச்சும் வாங்கிக் கொடுப்போம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குச் சதக்கா நிதியிலிருந்தும் இது போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, கருவி காதில் இருக்கிறதா பீரோவில் இருக்கிறதா என்று கேட்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் போய்வர பஸ் கட்டணம் இல்லையென்றால் சொல்லுங்கள். அடுத்து, இமாம்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் காதில் பாங்கு சொல்ல அழைக்கும்போது, சொல்லி முடித்ததும் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "காது பரிசோதனை எடுத்தாச்சா?" எங்கள் செயலாளர் அறையிலிருந்து போகும் நூறு நோட்டீஸை விட அந்த ஒரு கேள்வி வேலை செய்யும்.

மாணவ மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. இந்த ஊர்களில் ஆடியாலஜிஸ்ட் கிடைப்பது அரிது. அதற்கென்று பட்டப்படிப்பு இருக்கிறது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்திலும், சென்னையிலும் படிக்கலாம். பிளஸ் டூ அறிவியல் படித்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், யோசித்துப் பாருங்கள். தாய்மார்கள் தயக்கமில்லாமல் பேச ஒரு பெண் ஆடியாலஜிஸ்ட் இங்கே இருந்தால் எத்தனை குழந்தைகள் சீக்கிரம் வெளியே வரும்! காக்குப்பத்திலும் மேல்பாக்கத்திலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகள், போனைப் பூட்டும் வேலையோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே இருப்பது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். பிட்ஸ்பர்க்கில் அந்த வேலையைத் தொடங்கியதும் ஒரு பேராசிரியரும் அவரது மாணவர்களும்தான்.

நம் கையில் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பருப்பளவு பொருளுக்குப் பின்னால் அறுபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. அது நம் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சேருவதற்கு இடையில் மிச்சம் இருப்பது நம் தயக்கமும் நம் தாமதமும்தான். அதை எந்தக் கம்பெனியும் நமக்குச் சின்னதாக்கித் தராது. நாம்தான் குறைக்க வேண்டும்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் கேட்டலிலும் பார்வையிலும் பரக்கத் செய்வாயாக. கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்குப் பொறுமையையும் சீக்கிரம் எழுந்து நடக்கும் துணிவையும் தருவாயாக. கொடுத்துவிட்டு மறந்துபோன எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.